கோடியக்கரையின் கதையை 1967-இல் தொடங்காதீர்கள்

நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும், மாநிலத்தின் ஈரநிலங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கும் சென்னை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

வேதாரண்யம் பக்கத்து ஆள் எழுதுகிறேன். அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிய குடும்பம் எங்களுடையது. இன்று எங்கள் வீட்டில் யாரும் உப்பளத்துக்குப் போவதில்லை. ஆனாலும் கோடியக்கரைச் சாலையில் போகும்போது வெயிலில் பாத்திகள் பளீரென்று கண்ணைக் கூசவைத்தால் எனக்கு அப்பாயி ஞாபகம்தான் வரும். அவர் வாயிலிருந்து ‘சரணாலயம்’ என்ற சொல் ஒருமுறைகூட வந்ததில்லை. காடு என்பார், அளம் என்பார், சேறு என்பார். எந்த மாதத்தில் எதற்குள் கால் வைக்கலாம், எங்கே வைத்தால் புதையும் என்று அவருக்குத் தெரியும். அதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. நானும் எழுதி வைக்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றுதான். கோடியக்கரைக் காட்டுக்கும் சதுப்புக்கும் 1967-க்கு முன்னால் இருந்த வரலாற்றைச் சுற்றுவட்டார மக்களோடு உட்கார்ந்து தமிழில் எழுதுங்கள். எழுதியதை மேலாண்மைத் திட்டத்தின் முதல் பகுதியாக வையுங்கள்.

கோடியக்கரையைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டு தேதிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்று 1967 ஜூன் 13. வெளிமானைக் காக்க 17.26 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயமாக அறிவித்த நாள். இன்னொன்று 2002 ஆகஸ்ட் 19. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை சேர்த்து 38,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய நாள். அதன்பின் 20 ஆண்டுகள் தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரே ராம்சார் தலம் நம்முடையது. இரண்டும் பெருமைக்குரிய தேதிகள், அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்லை. ஆனால் கதையை அங்கே தொடங்கினால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆளில்லாத காடு ஒன்று சும்மா கிடந்தது, அரசு வந்து வேலி போட்டுக் காப்பாற்றியது, சுற்றி இருக்கும் ஊர்கள் அதற்குத் தொந்தரவு. இப்படித்தான் நினைப்பார்கள். வெளியூரிலிருந்து பறவை பார்க்க வரும் நல்ல மனிதர்கள் பலர் எங்களிடம் பேசும் தோரணையிலேயே அது தெரிகிறது.

இந்தக் கரையைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் பழைய சாட்சி ஒன்றைப் பாருங்கள். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன்பு சுந்தரர் இங்கே வந்தார். கோடிக் குழகர் கோயில் முன் நின்று அவர் பாடிய பதிகம் இருக்கிறது. கோடி என்றால் முனை. கிழக்கு நோக்கி இருக்கும் சோழமண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்பும் முனை இது. கடற்காற்று வந்து அறையும் அந்தக் கரையில் சாமி தனியாக இருப்பதைப் பார்த்து அவருக்குத் தாங்கவில்லை. உங்களுக்கு யார் துணை, பக்கத்தில் கரைமேல் குடிகள் இருந்தால் குற்றமா என்று கேட்கிறார். அடுத்து, காடு மிகப் பெரியது, பொந்துகளில் ஆந்தையும் கூகையும் கூடிக் குழறுகின்றன, அம்மை பயப்படுவாரே என்கிறார். வேட்டைத் தொழில் செய்யும் அடியார்களைத் தீயவர்கள் என்று திட்டவும் செய்கிறார்.

பக்திக்காகப் படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். நான் இதை ஒரு காட்டுக் குறிப்பாகவும் படிக்கிறேன். பொந்து விழும் அளவுக்கு முதிர்ந்த மரங்கள் இருந்திருக்கின்றன. இரண்டு வகை ஆந்தைகளைப் பெயர் பிரித்துச் சொல்லியிருக்கிறார். மனிதர்களும் இருந்திருக்கிறார்கள், அவர்கள் வேட்டையாடியிருக்கிறார்கள். மறைக்காட்டில், அதாவது இன்றைய வேதாரண்யத்தில், பாடிய இன்னொரு பதிகத்தில் தாழம்புதருக்குள் சந்து கண்டு நுழைந்து வாழைப்பழம் தின்னும் குரங்குகளைக் காட்டுகிறார். தாழை கரையில் தானாக வளர்வது. வாழை மனிதன் வைப்பது. தோப்பும் காடும் கடலும் அன்றைக்கே ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தன என்பதற்கு இதைவிட நல்ல குறிப்பு எனக்குத் தெரியவில்லை. ஊர்ப் பெயரிலேயே காடு இருக்கிறது: மறைக்காடு, ஆரண்யம், கோடியக்காடு. காட்டை வெட்டி ஊரான இடங்கள் எவ்வளவோ உண்டு. இங்கே காடும் ஊரும் ஒரே பெயரைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன.

பெயர் என்றதும் இன்னொன்று. ஆங்கிலக் கடல் வரைபடங்களில் இந்த முனை ‘பாயிண்ட் காலிமர்’. கள்ளிமேடு என்ற தமிழ்ப் பெயர்தான் ஐரோப்பியர் வாயில் அப்படித் திரிந்தது என்பது பழைய கருத்து. கள்ளிமேடு என்று எங்கள் பக்கத்தில் இன்றும் ஊர் இருக்கிறது. உலகம் முழுக்கப் பறவை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் வரும் பெயருக்குள் நம் கள்ளிச்செடி ஒளிந்திருக்கிறது என்பதை ஒரு பலகையில் எழுதி வைத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

சோழர் கலங்கரை விளக்கம் என்று நாங்கள் சொல்லிவந்த செங்கல் கட்டுமானத்தின் மிச்சம் கடலோரத்தில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமி அதைக் கொண்டுபோய்விட்டது. ஆயிரம் ஆண்டு நின்றதாக நம்பிய ஒன்று ஒரே காலையில் போனது. அதை யாராவது முழுதாக அளந்து, செங்கல் செங்கலாகப் படம் எடுத்து வைத்திருந்தால் என்று இன்றும் ஏங்குகிறேன். வெள்ளைக்காரர் 1890-இல் கட்டிய விளக்கு இருக்கிறது. ஆனால் கோடியக்கரை வரை வந்துகொண்டிருந்த ரயில் இப்போது இல்லை. அகஸ்தியன்பள்ளியோடு பாதை நின்றுவிட்டது. அதுவும் பல ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2023 ஏப்ரலில்தான் திரும்ப ரயில் வந்தது.

இனி உப்புக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வேதாரண்யம் பெரும் சதுப்பு பாக் நீரிணைக்கு இணையாக, கிழக்கு மேற்காகச் சுமார் 48 கிலோமீட்டர் நீளம் கிடக்கிறது. கடலுக்கும் அதற்கும் நடுவில் மணல்திட்டுகள். ஐப்பசி, கார்த்திகையில் காவிரியின் கடைமடை ஆறுகளும் மழையும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். காற்றும் ஓதமும் ஏறும்போது கடல்நீர் உள்ளே வரும். தை கழிந்தால் நீர் வற்றத் தொடங்கும். சித்திரை வெயிலில் தரைமேல் வெள்ளையாகப் படிந்திருக்கும். யாரும் பாத்தி கட்ட வேண்டாம், யாரும் நீர் பாய்ச்ச வேண்டாம், தானாக விளைந்த உப்பு. அள்ளினால் வீட்டுக்கு ஆகும். நண்டும் மீனும் அள்ளுவதைப் போல இதையும் மக்கள் அள்ளியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1799-இல் தஞ்சை நாடு கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. ஆறே ஆண்டுகளில், 1805-இல், மதராஸ் மாகாணம் முழுக்க உப்பு கம்பெனியின் ஏகபோகமானது. விளைவிப்பவன் கம்பெனிக்குத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அவர்கள் சொல்லும் விலைக்கு. தானாக விளைந்ததை அள்ளினால் குற்றம். கண்ணுக்கு எதிரே படிந்து கிடக்கும் உப்பை மக்கள் எடுத்துவிடக் கூடாது என்று சேவகர்களை விட்டு மண்ணோடு மிதித்து அழிப்பதும் உப்பு இலாகாவின் வேலைகளில் ஒன்றாக இருந்தது. ஒரு தாய் குழம்புக்கு ஒரு கை உப்பு அள்ளினால் அவள் குற்றவாளி.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தச் சதுப்புக்குக் காவல் போட்டது வனத்துறை முதலில் அல்ல. பூநாரைக்கும் உள்ளானுக்கும் யாரும் கவலைப்படாத காலத்திலேயே இங்கே எல்லை இருந்தது, சீருடை போட்ட காவல் இருந்தது, ‘உள்ளே வராதே’ என்ற சட்டம் இருந்தது. அந்தக் காவல் வரிக்காக நின்றது. காரணம் மாறியது பின்னால். ஆனால் தடுக்கப்பட்டவர்கள் அதே மக்கள். 1967-இல் காக்கிச் சட்டை வந்து ‘இனி மாடு ஓட்டாதே, சுள்ளி பொறுக்காதே’ என்றபோது எங்கள் பெரியவர்கள் அதை வெளிமானுக்கான ஏற்பாடாகப் பார்க்கவில்லை. தாத்தாவையும் பாட்டனையும் விரட்டிய அதே ஆள் வேறு தொப்பி போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டான் என்றுதான் பார்த்தார்கள். ஒரு வனக் காவலர் ஒரு ஆட்டுக்காரரிடம் பேசும்போது அந்தப் பேச்சுக்குப் பின்னால் 200 வருஷத்துக்கு மேலான மனக்கசப்பு நிற்கிறது. அது தெரியாமல் அவர் பேசினால், தனக்கு ஏன் இவ்வளவு கோபத்தோடு பதில் வருகிறது என்று அவருக்குப் புரியவே புரியாது.

1930 உப்புச் சத்தியாகிரகத்தைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை, பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறோம். ராஜாஜி ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியில் கிளம்பினார். கூட நூறு பேர் அளவில் தொண்டர்கள். 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி உப்பு அள்ளிக் கைதானார். வழியில் அவர்களுக்குச் சோறு போடக் கூடாது, தங்க இடம் தரக் கூடாது என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தப் போராட்டத்தில் முன்னின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு இன்றும் நெஞ்சு நிமிரும்.

அகஸ்தியன்பள்ளியில் அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. நாட்டு விடுதலைக்கான நினைவாக அதை எல்லோரும் பார்க்கிறார்கள், சரிதான். ஆனால் அவர்கள் எங்கிருந்து உப்பு அள்ளினார்கள்? இந்தச் சதுப்பிலிருந்துதான். ஓர் ஈரநிலத்தின் விளைச்சலில் யாருக்கு உரிமை என்ற கேள்விக்காக மக்கள் ஜெயிலுக்குப் போன இடம் இது. அந்தத் தூணையும் பறவைகள் இறங்கும் அந்தச் சேற்றையும் ஒரே கதையாகச் சொல்லலாம், சொல்ல வேண்டும். காந்தி நினைவு ஒரு துறைக்கும் பூநாரை இன்னொரு துறைக்கும் என்று கோப்புகள் பிரிந்து கிடப்பதால் அந்தக் கதை சொல்லப்படாமல் போகக் கூடாது.

உப்பு வரி 1947-இல் ஒழிந்தது. அதன்பின் பறவைக்காரர்கள் வந்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959-இல் பறவை வலசைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. கர்நாடகத்தில் 1957-இல் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் பரவியது. வலசைப் பறவைகள் மேல் ஒட்டிவரும் உண்ணிகளால் வந்திருக்குமோ என்ற சந்தேகமும் அந்தத் திட்டத்துக்கு ஒரு காரணம். அந்தக் கழகத்தின் பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி கோடியக்கரையின் அருமையைக் கண்டு சொன்னார். 1980-களில் இங்கே ஆண்டுக்கணக்கில் தங்கிப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விட்டார்கள். பறவையைக் காயப்படாமல் பிடிக்கத் தெரிந்தவர்கள் யார்? பரம்பரையாகப் பறவை பிடித்து விற்ற பிகாரின் மீர்ஷிகார்களை வேலைக்கு வைத்தார்கள். வேட்டைக்காரர் கையிலிருந்த வித்தைதான் விஞ்ஞானத்துக்கு உதவியது. இதைச் சாலிம் அலியின் கழகமே மறைக்காமல் பெருமையாகச் சொல்கிறது. நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: உள்ளூர் ஆள் கையிலிருக்கும் அறிவைக் குற்றமாக மட்டும் பார்க்காமல் அறிவாகவும் பார்க்கலாம்.

காட்டுக்குள்ளேயே மனித வரலாறு நடமாடுகிறது. வெளிமானோடு புல்லுக்குப் போட்டி போடும் மட்டக்குதிரைகள் ஒரு காலத்தில் மனிதர் வளர்த்தவற்றின் வழி வந்தவை. கோடை வந்தால் வேதாரண்யம் கடைத்தெருவில் பாலைப்பழம் விற்கும் கிழவிகள் அந்தப் பழம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று சொல்லத் தயங்குவார்கள். பாலை மரம் அந்தக் காட்டின் முதுகெலும்பு. எந்த மரம் எந்த வருஷம் காய்த்தது, எது காய்க்காமல் போனது என்று அந்தக் கிழவிகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கேட்பவர் வனத்துறை ஆளாக இருந்தால் சொல்லமாட்டார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் முழுக்குப் போட வரும் கூட்டம், புரட்டாசிக்கு மேல் வெளியூரிலிருந்து வந்து கரையில் குடிசை போட்டு மீன்பிடித்துவிட்டுப் பங்குனியில் திரும்பும் மீனவர்கள், வேதாரண்யம் கோயிலோடு பரம்பரைத் தொடர்புள்ள யாழ்ப்பாணத்து வரணி ஆதீனம், கடல் தாண்டிப் போய்வந்த தோணிகள் என்று இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே எழுத இடம் இல்லை.

பழைய கதை எதற்கு, இன்றைய பிரச்சினையைப் பார்ப்போம் என்று நீங்கள் சொல்லலாம். இன்றைய பிரச்சினைக்காகத்தான் கேட்கிறேன். சதுப்பின் உயிரே உப்பும் நல்ல தண்ணீரும் எந்த மாதத்தில் எந்த அளவில் கலக்கின்றன என்பதில் இருக்கிறது. அதைப் பொறுத்துத்தான் புழுவும் இறாலும் பாசியும், அவற்றைத் தின்ன வரும் பறவையும். 1934-இல் மேட்டூர் அணை வந்தது. அப்புறம் வாய்க்கால்கள், கதவணைகள், பெரிய தொழிற்சாலைகளுக்கான உப்பளங்கள், இறால் பண்ணைகள். இவற்றுக்கெல்லாம் முன்னால் தண்ணீர் எந்த வழியாக வந்தது, எங்கே தேங்கியது, எந்த முகத்துவாரம் எந்த மாதத்தில் தூர்ந்தது, எப்போது திறந்தது? சீமைக் கருவேலத்தை அகற்றுகிறோம் என்கிறீர்கள், நல்லது. அகற்றிய இடத்தில் என்ன இருந்தது, புல்லா மரமா வெற்றுச் சேறா? பழைய நில அளவைப் படங்களிலும் உப்பு இலாகாவின் உப்பளப் படங்களிலும் ஒரு பாதி பதில் இருக்கும். மறு பாதி ஊர்க்காரர்கள் ஒவ்வொரு ஓடைக்கும் திட்டுக்கும் வைத்திருக்கும் பெயர்களில் இருக்கிறது. பெயர் சும்மா வராது. ‘நல்ல தண்ணி’ என்று பெயர் கொண்ட குட்டை இன்று கரித்தால், எப்போதோ ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் பழைய உப்பளப் படம் ஒன்றின் நகல் கேட்டு நடந்தேன். முதல் தடவை அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த தடவை பொறுப்பான ஆள் விடுப்பு. மூன்றாம் தடவை பீரோவைத் திறந்து காட்டினார்கள். அடியில் கரையான் புற்று. அந்த ஊழியர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் முகமே வாடிப்போனது. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் படத்தில் என் கொள்ளுத்தாத்தா உப்பு வாரிய பாத்தி எந்த மூலையில் இருந்திருக்கும் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

காகிதம் போவது போலவே மனிதர்களும் போகிறார்கள். 1967-இல் இருபது வயதில் மாடு ஓட்டியவர் இன்று எண்பதைத் தொடுகிறார். உப்பு இலாகாச் சேவகர்களை நேரில் பார்த்துப் பயந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிஞ்சியிருப்பார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா அடித்தபோது எங்கள் வீடுகளில் ஓடும் கூரையும் மட்டுமா போயின? பழைய போட்டோக்கள், பத்திரங்கள், கணக்கு நோட்டுகள் எல்லாம் நனைந்து கூழாகிப் போயின. இன்னொரு புயலுக்கு முன்னால் ஆரம்பியுங்கள்.

பெரிய செலவு இல்லை. சென்னை ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் உப்பு, வனம், நில அளவை ஆவணங்களில் இந்தச் சதுப்பைப் பற்றியவற்றை நகலெடுத்து வேதாரண்யம் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். படிக்கப் பிள்ளைகள் வருவார்கள். ஓடைகள், திட்டுகள், துறைகள் எல்லாவற்றின் ஊர்ப் பெயர்களையும் போட்டுத் தமிழில் ஒரு வரைபடம் போடுங்கள். பெரியவர்களின் பேச்சை அவர்கள் பேசும் மொழியிலேயே பதிவு செய்யுங்கள். பதிவு செய்பவர் சீருடையில் வர வேண்டாம். அவர்கள் சொல்லும் எதையும், பழம் பொறுக்கினேன், மான் கறி தின்றேன் என்று சொன்னாலும்கூட, வழக்குக்குப் பயன்படுத்தமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். அது இல்லாவிட்டால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார். காவலர் பயிற்சியில் இந்தக் கதைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

வெளிமானும் பூநாரையும் இருக்க வேண்டும். 1967 அறிவிப்பு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் காடு இன்று தோப்பும் மனையுமாகப் போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். வேலியைப் பிடுங்கச் சொல்லி நான் எழுதவில்லை. கரைமேல் குடிகள் பக்கத்தில் இருந்தால் குற்றமா என்று சுந்தரர் அன்று கேட்டதற்கு, உங்கள் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் ‘குற்றம் இல்லை, இவர்கள் இங்கேதான் இருந்தார்கள்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லித்தான் கேட்கிறேன்.

பங்குனி கடைசியில் உப்பு வாரும் வேலை மும்முரமாக இருக்கும். அம்பாரங்களைப் பனையோலையால் மூடியிருப்பார்கள். மத்தியான வெயில் ஏறியதும் எல்லோரும் நிழலுக்கு வந்துவிடுவார்கள், பேச நேரம் இருக்கும். ஒரு ஆளை நோட்டும் ரெக்கார்டருமாக அனுப்புங்கள். அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, ஆறுகாட்டுத்துறை, சிறுதலைக்காடு என்று எந்த ஊரில் எந்தத் திண்ணையில் போய் உட்கார வேண்டும் என்று நான் கூட வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்து உப்பளக் குடும்பத்து ஆள் ஒருவன்